உரிமம் இல்லாதவரும் விலை அறியலாம்

வணிகர் உரிமம் பெறாதவர் மின்னணுச் சந்தையின் விலைப் பதிவைப் பார்க்கலாகுமா என்று போளூர் வட்டத்து அங்கத்தினர் சிலர் ஐயுறலாம். தாராளமாகப் பார்க்கலாம்.

மத்திய அரசு 2016 ஏப்ரல் 14-ல் தொடங்கிய தேசிய வேளாண் சந்தையாகிய இ-நாமில், விளைபொருளை விற்க விவசாயி பதிவு செய்தல் வேண்டும். ஏலத்தில் விலை கோர வணிகருக்கு உரிமம் வேண்டும். விலையைத் தேடிப் பார்க்க இவ்விரண்டும் வேண்டுவதில்லை. மாநிலம், சந்தை, விளைபொருள், தேதி ஆகியவற்றைக் குறிப்பிட்டால், குறைந்த விலை, உயர்ந்த விலை, வரத்து ஆகியன கைபேசியிலேயே தெரியும்.

உரிமம் வாங்குவோரை ஒழுங்குபடுத்த ஏற்பட்டது. விற்போரின் கண்ணைக் கட்ட ஏற்பட்டதன்று. விலையறியாது களத்திலேயே வேர்க்கடலையை விற்பவர், வியாபாரி சொன்னதே விலையென ஏற்க நேரும். ஈரப்பதத்திற்கும் தரத்திற்கும் ஏற்ப விலை மாறுமென்பதையும் கருதுக.

ஆதலின் அங்கத்தினர்களே, மூட்டை கட்டுமுன் விலை பாருங்கள். கைபேசியில்லாத அண்டை வீட்டாருக்கும் படித்துச் சொல்லுங்கள்.