காவலுக்குக் கூலி

சென்ட்ரலில் பிளாட்பாரம் காலியாகும் வரையில், வடக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வருகிற வண்டிகளெல்லாம் பேசின் பிரிட்ஜ் அருகே வேகத்தைத் தணித்துக்கொண்டு, ஊர்ந்தும் நின்றும் சிக்னலுக்காகக் காத்திருப்பது, இந்த வட்டாரத்திலேயே பிறந்து வளர்ந்த எங்களுக்கு நித்தியக் காட்சி. அப்படி ஊர்ந்துகொண்டிருந்த ஒரு வண்டியின் வாசற்படியில், போன மார்கழியில் ஒரு மாலைப்பொழுது, கைப்பேசியில் பேசியபடி நின்றிருந்த பையன் ஒருவனுடைய மணிக்கட்டில், தண்டவாளத்தோரம் பதுங்கியிருந்த எவனோ கழியால் ஓங்கி அடித்ததையும், ஜல்லிக்கற்களின்மேல் விழுந்த போனை வாரிக்கொண்டு அவன் கால்வாய்ப் பக்கமாக ஓடி மறைந்ததையும் நான் என் கண்ணால் கண்டேன். வண்டி நின்றதும் குதித்து ஓடிவந்த அந்தப் பையன், வீங்கிய கையை மறு கையால் தாங்கிக்கொண்டு, "அண்ணே, இதை எங்க போய்ச் சொல்றது?" என்று கேட்டான்.

எளிய கேள்விதான், ஆனால் அதற்கு விடை சொல்ல வேண்டுமானால் இந்த நாட்டில் காவலுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஓடுகிற வண்டியில் பிரயாணிக்கு நேர்ந்த குற்றம் இருப்புப்பாதை போலீசாரைச் சேர்ந்தது. அவர்கள் மாநில சர்க்காரின் ஆட்களே என்றாலும், அவர்களுக்கு ஆகிற செலவில் பாதியை மாநிலமும் பாதியை ரயில்வேயும் ஏற்கின்றன. அதே இடத்தில் தண்டவாளத்தின் கொக்கியையோ செம்புக் கம்பியையோ ஒருவன் கழற்றிக்கொண்டு போனால், அது 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த ரயில்வே பாதுகாப்புப் படையின் பொறுப்பு. அதற்கு முழுப் பணமும் மத்திய சர்க்காரின் ரயில்வேயிலிருந்து வருகிறது. திருடன் வேலியைத் தாண்டித் தெருவில் கால் வைத்துவிட்டால், அங்கிருந்து நகரப் போலீசாரின் எல்லை. அவர்களுடைய சம்பளம் முழுவதும் மாநிலக் கஜானாவைச் சேர்ந்தது. கிழக்கே துறைமுகத்துக்குப் போனாலோ, வாயிலில் நிற்பது மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படை. அதன் செலவைத் துறைமுகமே கட்டுகிறது. பணப்பை மாறினால் எல்லையும் மாறுகிறது, பதிவேடும் மாறுகிறது. கையில் அடிபட்ட பையனுக்கோ அடி ஒன்றுதான்.

காவலுக்குக் கூலி கொடுப்பது யார் என்னும் இந்தப் பிரச்சினை எங்கள் வட்டாரத்துக்குப் புதியதன்று. பேசின் பிரிட்ஜிலிருந்து தெற்கே நடந்து யானைக்கவுனியைக் கடந்தால், அரை மணி நேரத்துக்குள் மூன்று இடங்களைப் பார்த்துவிடலாம்; அந்த மூன்றின் பெயர்களிலும் இந்தக் கேள்வி ஒளிந்திருக்கிறது. வ.உ.சி. சாலை என்று பலகை எழுதிய பின்னும் ஜனங்கள் வால்டாக்ஸ் ரோடு என்றே சொல்லும் வீதி முதலாவது, பெத்துநாயக்கன்பேட்டை இரண்டாவது, காய்கறி அங்காடி 1996-இல் கோயம்பேட்டுக்குப் போன பிறகும் பெயரை விடாமலிருக்கிற கொத்தவால் சாவடி மூன்றாவது. நவாபுகள் காலத்து நகரங்களில் காவலையும் அங்காடியையும் ஒருங்கே கவனித்த உத்தியோகஸ்தருக்குக் கோத்வால் என்று பெயர்; வாணிபம் நடக்கிற இடத்திலேயே காவலுக்கும் வழி தேடுகிற ஏற்பாட்டின் அடையாளமாக அந்தப் பதவியின் பெயர் சாவடிக்கு நிலைத்துவிட்டது.

பெத்த நாயக்கரின் கதை இன்னும் விரிவானது. கோட்டை கட்டிக் குடியேறிய ஆங்கிலக் கும்பினியார், பதினேழாம் நூற்றாண்டின் நடுவில், கோட்டைக்கு வெளியே இந்நாட்டு ஜனங்கள் குடியிருந்த கறுப்பர் பட்டணத்தின் காவலைத் தாங்களே நடத்துவதற்கு ஆளும் இல்லாமல், பழக்கமும் இல்லாமல், இந்நாட்டு வழக்கப்படியே பெத்த நாயக்கர் எனப்பட்ட ஒரு பரம்பரைக் காவல்காரரிடம் அதை ஒப்படைத்தார்கள். சேவகர்களை வைத்துக்கொண்டு இரவும் பகலும் பட்டணத்தைச் சுற்றிவர வேண்டியது அவர் கடமை. அதற்குக் கூலியாக அவருக்குத் தீர்வையில்லாத நெல்வயல்களும், பட்டணத்துக்குள் வருகிற அரிசி, மீன், எண்ணெய், வெற்றிலை போன்ற சரக்குகளின்மேல் ஒரு சிறு வரியும் உண்டு. இவ்வளவோடு நின்றிருந்தால் அதில் விசேஷமில்லை. பட்டணத்தில் ஒருவர் வீட்டில் களவு போய், களவுபோன பொருளை மீட்டுத்தர முடியாமற்போனால், அந்த நஷ்டத்தைக் காவல்காரரே தம் கையிலிருந்து ஈடு செய்ய வேண்டும் என்பதும் அந்த உடன்படிக்கையின் ஷரத்து. மீன்கூடையோடு பட்டணத்துக்குள் நுழைந்த ஒரு பெண்மணி தன் பங்குக்குக் காவல்கூலி கொடுத்தாள் என்றால், அன்றிரவு தன் வீட்டில் பித்தளைக் குடம் காணாமற்போகுமாயின், யார் வாசலில் போய் நின்று கேட்க வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

வால்டாக்ஸ் ரோட்டின் கதை இதற்கு நேர் எதிரானது. பிரெஞ்சுக்காரர் 1758-இல் வந்து முற்றுகையிட்டதும், பின்னால் ஹைதர் அலியின் குதிரைப்படை நகரத்தின் ஓரங்களில் வந்து போனதும் உண்டாக்கிய பீதியில், கறுப்பர் பட்டணத்தைச் சுற்றி ஒரு பெரிய மதிலை எழுப்பினார்கள். 1772-ஐ ஒட்டி அது நிறைவேறியது. செலவை அங்கே குடியிருந்த ஜனங்களிடமே வரியாக வசூலிப்பது என்பது யோசனை. ஆனால் அந்த வரி வசூலாகவேயில்லை. வால் டாக்ஸ், அதாவது மதில் வரி, என்ற அந்த வசூலாகாத வரியின் பெயர் வீதிக்கு மட்டும் நின்றுவிட்டது. மதிலில் மிஞ்சிய ஒரு துண்டை இராயபுரம் போகிற வழியில் மாடிப் பூங்காவில் இன்றும் பார்க்கலாம்.

கிராமாந்தரங்களில் நடந்ததும் பெத்த நாயக்கரின் முறையை ஒத்ததே. ஊருக்கு ஊர் தலையாரி இருந்தான். களத்துமேட்டில் நெல் அளக்கும்போதே அவன் பங்கு தனியே அளந்து வைக்கப்பட்டது. தென் ஜில்லாக்களில் பாளையக்காரர்கள் ஒரு ஊரைக் காப்பதற்கு ஸ்தலக் காவல் என்றும், பல ஊர்களையும் வழிகளையும் காப்பதற்குத் திசைக் காவல் என்றும் வெவ்வேறாக வசூலித்தார்கள். அந்த முறை பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. காவல்கூலி கொடுக்க மறுத்த ஊரில் மாடு காணாமற்போவதும், துப்புக்கூலி என்று ஒரு தொகை கைமாறிய பிறகு அதே மாடு அடுத்த ஊர் எல்லையில் கட்டிக் கிடப்பதும் அந்தக் காலத்துச் சகஜங்கள். காப்பவனுக்கே களவில் லாபம் ஏற்பட்டுவிட்டால், அந்தக் காவலால் எளியவனுக்கு என்ன க்ஷேமம் இருக்க முடியும்?

கும்பினி அந்த முறையை ஒடுக்கிய பிறகு, போலீஸ் அதிகாரம் நிலவரி வசூலிக்கும் தாசில்தாரின் கைக்கே வந்தது. வரி கேட்கிறவனும் விசாரிக்கிறவனும் ஒருவனாகவே ஆனதன் கொடுமையை 1855-இல் சென்னை ராஜதானியின் சித்திரவதை விசாரணைக் கமிஷன் தன் அறிக்கையில் வெளிக்கொணர்ந்தது. அதன் பலனாகவே 1859-ஆம் ஆண்டின் ஜில்லா போலீஸ் சட்டம் பிறந்து, வில்லியம் ராபின்சன் என்பவரின் தலைமையில், மாதச் சம்பளம் வாங்கும் தனிப் போலீஸ் இலாகா ஏற்பட்டது. களத்துமேட்டில் அளந்த காவல்கூலி அன்றோடு கஜானாவுக்கு இடம் மாறியது. பாரபட்சமில்லாத சம்பள உத்தியோகஸ்தன் வந்தான்; அது பெரிய லாபம். களவு போனதற்கு நேரே அவனிடம் போய்க் கணக்குக் கேட்கிற உரிமை ஊராருக்கு இல்லாமற்போயிற்று, அது நஷ்டம். இந்த நஷ்டத்தைப் பற்றி நாம் போதுமான அளவு யோசிக்கவில்லை என்பது என் அபிப்பிராயம்.

இங்கிலாந்தில் வேறு வழியாகப் போனார்கள். 1856-இல் ஒவ்வொரு கவுண்டியும் போலீஸ் வைத்தே தீரவேண்டும் என்று சட்டம் செய்தபோது, இன்ஸ்பெக்டர்கள் பார்வையிட்டுத் திறமையாக நடக்கிறது என்று அத்தாட்சி கொடுத்த படைகளுக்குச் சம்பளத்திலும் உடுப்பிலும் கால் பங்கை மட்டும் பொதுக் கஜானா கொடுத்தது. மற்றது உள்ளூர் வரி. இன்றைக்கும் அங்கே வீட்டு வரி ரசீதில் போலீசுக்கு இவ்வளவு என்று ஒரு வரி தனியாக அச்சிட்டு வருகிறது. நம்முடைய சொத்துவரி ரசீதில் அப்படி ஒன்றும் இராது. நமக்குப் போலீஸ் என்பது அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணைப்படி மாநிலத்தின் விஷயம்; ஆண்டுதோறும் சட்டசபையில் மானியக் கோரிக்கை எண் 22 என்ற தலைப்பில் அதற்குப் பணம் ஒதுக்குகிறார்கள். 2022-23-க்கு அப்படி ஒதுக்கிய தொகை ரூ.10,285 கோடி. ஒன்றேகால் லட்சத்துக்கும் மேற்பட்ட பணியிடங்கள் உள்ள இலாகாவில் இதன் பெரும்பகுதி சம்பளமாகவும் படியாகவும் போய்விடுகிறது; போகவும் வேண்டும், இராப் பகலாக நிற்கிறவர்களுக்குக் கொடுக்கிற கூலியில் யாரும் குறைசொல்ல மாட்டார்கள். 1969-70 முதல் மத்திய சர்க்கார் போலீஸ் நவீனமயம் என்ற திட்டத்தில் தன் பங்கைத் தருகிறது. 2022 பிப்ரவரியில், 2025-26 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு அந்தப் பெருந்திட்டத்துக்கு ரூ.26,275 கோடியும், அதற்குள் மாநிலப் போலீஸ் படைகளின் நவீனமயத்துக்கென்று ரூ.4,846 கோடியும் அனுமதித்தார்கள். ஆயுதம், வாகனம், கம்பியில்லாச் செய்திக் கருவிகள், தடய அறிவியல் என்று பொருளாகக் காட்டக்கூடியவை இந்தப் பணத்தில் வாங்கப்படுகின்றன.

குற்றம் நடந்த பிறகு பிடிப்பதற்கு வேண்டிய செலவைக் கணக்கில் காட்டலாம். நடக்காமல் தடுத்ததை எந்தக் கணக்கில் எழுதுவது? ஆகையால் தடுப்புக்கென்று போகும் பணம் எப்போதும் சிறிதாகவே இருக்கிறது. 2022 செப்டம்பரில் சென்னைப் போலீசார் தொடங்கிய ‘சிற்பி’ திட்டத்தில், நூறு பள்ளிகளில் பள்ளிக்கு ஐம்பது பேராக ஐயாயிரம் பிள்ளைகளைச் சேர்த்து, சட்டமும் ஒழுக்கமும் உடற்பயிற்சியும் சொல்லிக்கொடுத்தார்கள்; அதற்கு ஒதுக்கிய தொகை ரூ.4.25 கோடி. பத்தாயிரம் கோடி ஒதுக்கிய அதே ஆண்டில் நாலேகால் கோடி. வடசென்னையில் கைக்கழி பிடிக்கக்கூடிய கையில் குத்துச்சண்டைக் கையுறையை மாட்டிவிடுகிற போலீஸ் சிறுவர் மன்றங்களை நான் பார்த்திருக்கிறேன். மேலே தகரக் கூரை, கீழே கிழிந்த விரிப்பு, ஒரே மணல்மூட்டையைக் குத்துவதற்கு வரிசையில் நிற்கும் பன்னிரண்டு பிள்ளைகள். இன்னொரு மூட்டைக்கு என்ன விலை ஆகிவிடும்?

காவல் நிலையங்களிலும் இதே குறையைத்தான் காண்கிறேன். பல வருஷங்களுக்கு முன்பு என் சைக்கிள் களவு போனபோது ஒரு காவல் நிலையத்துக்குப் போனேன். எந்த ஊர், எந்த நிலையம் என்பது இங்கே தேவையில்லை. ரைட்டர் நல்ல மனிதர், உட்காரச் சொன்னார். "ஒரு குயர் வெள்ளைத்தாள் வாங்கிட்டு வந்துடுங்க சார், இங்க தீர்ந்துபோச்சு" என்றார். வாங்கிக் கொடுத்தேன். அந்த வேளையில் எனக்கு வந்த கோபம், இன்று யோசித்தால், அவர்மேல் வந்திருக்க வேண்டியதன்று. கோடிகளில் தொடங்குகிற பணம் தலைமையகம், கமிஷனர் அல்லது எஸ்.பி. அலுவலகம் என்று படி இறங்கி வருகிறது. பில் போடுவதும் பணம் எடுப்பதும் அந்த அலுவலகங்களில்தான். அநாதைப் பிரேதத்துக்குத் துணி, இரவில் கொண்டுவந்த ஆளுக்குச் சாப்பாடு, சாட்சியை ஊருக்கு அனுப்பப் பஸ் கட்டணம் என்று மணிக்கு மணி முளைக்கிற சில்லறைச் செலவுகளுக்கு நிலையத்தின் மேஜை அறையிலேயே தாராளமாகப் பணம் இருக்க வேண்டும். இல்லாதபோது, அதை அந்த உத்தியோகஸ்தர் தம் பையிலிருந்து கொடுக்க வேண்டும், அல்லது புகார் சொல்ல வந்த ஏழை கொடுக்க வேண்டும். பின்னது பழக்கமாகிவிட்டால், பெத்த நாயக்கரின் வரி வேறு வேஷத்தில் திரும்பி வந்ததாகிவிடும். ஈடு செய்யும் ஷரத்து மட்டும் அதில் இராது.

தடுப்புக்கு எது வேண்டும் என்பது நகரத்தைத் தாண்டினால் இன்னும் தெளிவாகத் தெரியும். பேசின் பிரிட்ஜிலிருந்து கும்மிடிப்பூண்டி வண்டியில் ஏறினால், கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் எல்லாம் கடந்து, சாம்பலும் உப்புக்காற்றும் விட்டுப்போகிற இடத்தில் மீஞ்சூர் வருகிறது. 2022 ஜனவரி 1 முதல் ஆவடி போலீஸ் கமிஷனரகம் தனியே இயங்கத் தொடங்கியபோது, அதுவரை ஜில்லாப் போலீசில் இருந்த மீஞ்சூர் வட்டாரமும் அதில் சேர்ந்தது. பெயரளவில் நகரப் போலீஸ். ஆனால் அதைத் தாண்டி உள்ளே போகப் போக நெல்வயல், பம்புசெட், ஏரிக்கரை. அங்கே களவு போவது தங்கச் சங்கிலி மட்டுமன்று. மோட்டாரின் செம்பு ஒயர், ஆடு, கோயில் உண்டியல். ஒயரின் மதிப்பு சில ஆயிரமே என்றாலும், நடவு நேரத்தில் அது போய்விட்டால் ஒரு போகமே போய்விடுகிறது. இத்தகைய களவைக் கேமரா தடுக்காது. வயலுக்கு நடுவே கேமராவை எங்கே மாட்டுவது? இரவு இரண்டு மணிக்கு வரப்போரம் ஒரு விளக்கு வெளிச்சம் வந்து போகும் என்ற நிச்சயந்தான் அதைத் தடுக்கும்.

ஊராரையே துணைக்குச் சேர்த்துக்கொண்டால் செலவு குறையாதா என்று கேட்கலாம். 1993-இல் ராமநாதபுரத்தில் பிரதீப் பிலிப் எஸ்.பி.யாக இருந்தபோது தொடங்கிய ‘போலீஸ் நண்பர்கள்’ இயக்கம் மாநிலமெங்கும் பரவியது. ஆனால் 2020-இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் இறந்த பிறகு, அந்த இயக்கத்தைச் சர்க்கார் தடை செய்ய நேர்ந்தது. கூலியில்லாமல் அதிகாரத்தின் நிழலில் நிற்கிறவனை யார் கேள்வி கேட்பது என்ற பழைய சங்கடம் அங்கேயும் தலைகாட்டியது. ஆகவே ரோந்துக்குச் சம்பளம் வாங்கும் ஆளும், அந்த ஆளுக்கு வண்டியும், வண்டிக்குப் பெட்ரோலும், திருவிழாவுக்கும் மந்திரி வருகைக்கும் பந்தோபஸ்து என்று அவரை இழுத்துக்கொண்டு போகாதபடி ஒரு ஏற்பாடும் வேண்டும். இந்த நான்கிற்கும் முதலில் பணம் வைத்துவிட்டுப் பிறகு மற்றதை யோசிக்கலாம் என்பேன்.

பொன்னேரிப் பக்கத்தில் என் அத்தை தனியாகக் குடியிருக்கிற வீட்டின் முன்கதவுக்குப் பின்னால், ஆணியில் சணல்கயிறு கட்டி ஒரு பட்டா புத்தகம் தொங்குகிறது. ரோந்து வருகிற போலீஸ்காரர் தேதியும் நேரமும் எழுதிக் கையெழுத்துப் போட்டுப் போவதற்கான சிறிய நோட்டு அது. அத்தைக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனாலும் தினமும் காலையில் வாசல் தெளிப்பதற்கு முன்பு அதைத் திறந்து பார்க்கிறாள். சென்ற மாதம் நான் போயிருந்தபோது புரட்டிப் பார்த்தேன். தையில் வாரத்துக்கு மூன்று கையெழுத்து இருந்தது. மாசியில் ஒன்று. "ஏட்டய்யாவைத் தேருக்கு டூட்டி போட்டுட்டாங்களாம்பா" என்றாள் அத்தை. காலிப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டே, "பங்குனியில வந்துடுவாரு, இல்ல?" என்று என்னைக் கேட்டாள்.