ஒயரும் ஓர் உறுப்புதான்!



"ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுடா" என்று மலர்க்குழு நண்பர்கள் விரட்டியபோது, "எனக்குக் கவிதை வராதே" என்றேன். "உனக்கு என்ன வருமோ அதை எழுது" என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு வருவது சர்க்யூட் போர்டு போடுவது. அதுவும் இரண்டாவது தடவைதான் ஒழுங்காக வந்தது. முதல் தடவை நான் செய்த தப்பை ஒளிக்காமல் இங்கே எழுதுகிறேன். இறுதியாண்டு ப்ராஜெக்ட் செய்யப்போகும் தம்பி, தங்கைகள் அதே பள்ளத்தில் விழாமல் இருந்தால் அதுவே எனக்குப் போதும்.

சூளையும் மீட்டரும்

எனக்கு ஊர் நல்லூர். விருத்தாசலம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ரயில்வே ஜங்ஷனும் பழமலைநாதர் கோயிலும் ஞாபகத்துக்கு வரும். எங்களுக்குப் பீங்கான்தான். பொம்மை, அகல் விளக்கு, ஃபியூஸ் கட்டை என்று இங்கே சுட்டு எடுக்கும் சாமான்கள் பல. பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே டிப்ளமோ படிப்பு நடக்கும் ஊர் இது. என் தாய்மாமாவும் சின்னதாக ஒரு யூனிட் வைத்திருக்கிறார். அதில் ஒரு மின்சாரச் சூளை உண்டு.

சூளையில் சூடு எவ்வளவு என்பதுதான் உயிர்நாடி. குறைந்தால் கிளேஸ் உருகாது. கூடினால் உருகி வழிந்து, சாமான் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். பழைய ஆட்கள் இதற்குக் 'கோன்' வைப்பார்கள். அது குறிப்பிட்ட சூட்டில் வளைகிற மாதிரி மண்கலவையில் செய்த சிறு கூம்பு. பார்வைத் துளை வழியே பார்த்து, கூம்பு தலை சாய்ந்ததும் சூளையை நிறுத்துவார்கள்.

"கோன் எதுக்கு மாமா? டிகிரியை எண்ணுல காட்டுற மீட்டர் செஞ்சு தரேன்" என்றேன். ப்ராஜெக்டுக்கும் ஆச்சு, மாமாவுக்கும் ஆச்சு என்று நினைப்பு!

சர்க்யூட் பெரிய விஷயமில்லை. 'கே' வகை தெர்மோகப்பிள், அதன் சிறு மின்னழுத்தத்தைப் படிக்க மேக்ஸ் 31855 என்ற ஐ.சி., ஒரு மைக்ரோகன்ட்ரோலர், ஒரு டிஸ்ப்ளே. அவ்வளவுதான். கீகேட் மென்பொருளில் வரைந்தேன். 1992-ல் பிரான்ஸில் ழான்-பியர் ஷராஸ் என்பவர் தொடங்கிய இலவச மென்பொருள் அது. ஐ.சி., ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் எல்லாம் ஸ்கீமேட்டிக்கில் அழகாக உட்கார்ந்தன. போர்டுக்கு வெளியே போகும் ஒயர்களை மட்டும் நான் வரையவே இல்லை. "ஒயர் என்ன பெரிய காம்பொனன்ட்டா? கடைசியில் எங்கேயாவது ஒட்டிக்கலாம்" என்று விட்டுவிட்டேன்.

எங்கே தப்பு நடந்தது?

லேஅவுட் போடும்போதுதான் சிக்கல் தெரிந்தது. டிராக் போர்டின் ஓரம் வரை வந்து நிற்கிறது, ஒயரை ஒட்ட இடமில்லை. ஒரு பேட் மட்டும் தனியாக வைக்கலாம் என்று மெனு முழுக்கத் தேடினேன். கிடைக்கவில்லை. கிடைக்காது! இந்த வகை மென்பொருளில் பேட் என்பது ஏதாவது ஓர் உறுப்பின் ஃபுட்பிரின்ட்டுக்கு உள்ளேதான் இருக்கும். அநாதையாகப் போர்டில் நிற்காது. ஏனென்றால் எந்தப் பேட் எந்த இணைப்பைச் சேர்ந்தது என்று ஸ்கீமேட்டிக்கைப் பார்த்துத்தான் மென்பொருள் தெரிந்துகொள்கிறது.

எனக்கு அப்போது இது புரியவில்லை. கைக்குக் கிடைத்த 'வயா'வை டிராக் முனையில் வைத்துவிட்டேன். வயா என்பது மேல் பக்க டிராக்கைக் கீழ்ப் பக்கத்தோடு இணைக்கும் துளை. பார்க்க பேட் மாதிரியே இருக்கும். ஆனால் ஒயருக்கானது அல்ல. போர்டு தயாராகி வந்ததும் பார்த்தால், துளை வெறும் 0.3 மி.மீ. ஒயர் நுழையவே இல்லை. போதாததற்கு மேலே பச்சை மாஸ்க் வேறு மூடியிருந்தது. பிளேடால் சுரண்டி, ஒயரைச் செப்புமேல் படுக்க வைத்து, ஈயத்தைக் கொட்டி ஒட்டினேன். லேபில் வேலை செய்தது. கைதட்டல்கூடக் கிடைத்தது!

மாமா சூளையில் மீட்டரை மாட்டினோம். கார்த்திகைக்கான அகல் விளக்குகள் உள்ளே. நடுவில் யாரோ தட்டைத் தூக்கிக்கொண்டு போகும்போது கால் ஒயரில் இடறியது. நான் சுரண்டி ஒட்டிய அந்தச் செப்புத் துண்டு போர்டை விட்டுப் பிய்ந்து வந்துவிட்டது. இதில் கொடுமை என்னவென்றால், மீட்டர் அணையவில்லை. தெர்மோகப்பிள் அறுந்தால் மேக்ஸ் 31855 அதைக் கண்டுபிடித்துச் சொல்லும். என் புரோகிராம் அதைக் கேட்கவே இல்லை. கடைசியாக வந்த 980 டிகிரியையே காட்டிக்கொண்டு நின்றது. சூளை ஏறிக்கொண்டே போனது.

மறுநாள் சூளையைத் திறந்தபோது பாதி விளக்குகள் தட்டோடு ஒட்டியிருந்தன. மாமா திட்டவில்லை. "மீட்டர் இருக்கேன்னு இந்தத் தடவ கோன் வெக்கல மாப்ள" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. கொஞ்ச நேரம் கழித்து அவரே, "சரி, அந்த ஒயரு ஏன் பிச்சிக்கிச்சு, அத சொல்லு" என்றார். அந்தக் கேள்விக்கு நான் தேடிய பதில்தான் இந்தக் கட்டுரை.

ஸ்கீமேட்டிக்கிலேயே வையுங்கள்

முதல் பாடம் இதுதான். வெளியே போகும் ஒயரும் ஓர் உறுப்புதான். ரெசிஸ்டருக்குப் பெயர் கொடுப்பது போல அதற்கும் பெயர் கொடுத்து ஸ்கீமேட்டிக்கில் வைக்க வேண்டும்.

கீகேட்டில் செய்யும் முறை:

1. ஸ்கீமேட்டிக்கில் 'ஏ' விசையை அழுத்தி, கனெக்டர் நூலகத்தில் எத்தனை ஒயரோ அத்தனை பின் உள்ள குறியீட்டை எடுங்கள். இரண்டு ஒயர் என்றால் இரண்டு பின். ஒரே ஒயருக்கும் ஒற்றைப் பின் குறியீடு உண்டு.

2. அதைச் சேரவேண்டிய இணைப்போடு கோடு போட்டு இணையுங்கள். 'பவர்', 'டிஸ்ப்ளே' என்று மதிப்பில் பெயர் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தாலும் புரிய வேண்டும்.

3. ஃபுட்பிரின்ட் தேர்வில் 'கனெக்டர் ஒயர்' என்ற நூலகத்தைத் திறங்கள். 'சால்டர் ஒயர்' என்று தொடங்கும் ஒரு பெரிய பட்டியலே இருக்கும். ஒவ்வொரு பெயரிலும் ஒயரின் குறுக்குப் பரப்பு, உள்கம்பியின் விட்டம், மேல் உறையின் விட்டம் மூன்றும் எழுதியிருக்கும்.

4. 'எஃப்8' அழுத்தினால் எல்லாம் லேஅவுட்டுக்கு வந்துவிடும். பேட்டைப் போர்டின் ஓரத்துக்கு நகர்த்தி டிராக் போடுங்கள். இணைக்க மறந்தால் மென்பொருளே விடுபட்டதைக் காட்டிக்கொடுக்கும். வயா வைத்திருந்தால் யார் காட்டிக்கொடுப்பார்?

பழைய ப்ராஜெக்டுகளில் ஈகிள் கோப்புகள் கிடைக்கலாம். அதில் இதே வேலைக்கு 'ஒயர்பேட்' என்ற நூலகம் உண்டு. '2,15/1,0' என்று பெயர் இருந்தால் பேட்டின் விட்டம் 2.15 மி.மீ., துளை 1.0 மி.மீ. என்று அர்த்தம். ஈகிளை 2016-ல் ஆட்டோடெஸ்க் வாங்கியது; 2026 ஜூன் 7-உடன் அதை நிறுத்துவதாக 2023-ல் அறிவித்தது. ஆகவே புதிதாகக் கற்பவர்கள் கீகேட்டிலேயே தொடங்குவது நல்லது.

துளை எவ்வளவு? பேட் எவ்வளவு?

முதலில் ஒயரைக் கையில் எடுங்கள், பிறகு பேட்டைத் தேடுங்கள். 0.25 ச.மி.மீ. ஒயரின் உள்கம்பி சுமார் 0.65 மி.மீ. விட்டம். 0.5 ச.மி.மீ. ஒயருக்குச் சுமார் 0.9, 1 ச.மி.மீ. ஒயருக்குச் சுமார் 1.4. பல இழைக் கம்பியை முறுக்கி ஈயம் பூசினால் இன்னும் கொஞ்சம் தடிக்கும். அதனால் துளை 0.2 முதல் 0.3 மி.மீ. வரை பெரிதாக இருக்கட்டும். ரொம்பப் பெரிதானால் ஈயம் நிற்காமல் கீழே ஒழுகும்.

துளையைச் சுற்றியுள்ள செப்பு வளையம்தான் பிடிப்பு. வழக்கமான போர்டில் செப்பின் தடிமன் 35 மைக்ரான்தான். அது போர்டில் பசையால் ஒட்டியிருக்கிறது, அவ்வளவே. நாம் லேபில் ஃபெரிக் குளோரைடில் அரித்து எடுக்கும் ஒருபக்கப் போர்டில் வேறு எந்தப் பிடிப்பும் கிடையாது. அதனால் அங்கே 1 மி.மீ. துளைக்கு 2.5 மி.மீ. பேட்டாவது வையுங்கள். இருபக்கப் போர்டில் துளையின் உட்சுவரிலும் செப்பு இருப்பதால் அது ரிவிட் அடித்த மாதிரி இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொள்ளும். நான் ஒயரைத் துளைக்குள் விடாமல் மேலே படுக்க வைத்து ஒட்டினேன் அல்லவா? இழுத்த இழுப்பு முழுக்க அந்த 35 மைக்ரான் செப்பின் தலையில் விழுந்தது. மாமா கேட்ட கேள்விக்குப் பாதி பதில் இது.

இன்னொன்று. கிரவுண்ட் பேட்டைச் சுற்றி முழுக்கச் செப்பு நிரப்பினால் சால்டரிங் அயர்ன் சூடு எல்லாம் அதில் பரவிப் போய்விடும். ஈயம் உருகாமல், நாமும் விடாமல் சுட்டுக்கொண்டே இருப்போம். கடைசியில் பேட் கழன்றுவிடும். அதற்காகத்தான் 'தெர்மல் ரிலீஃப்'. பேட்டை நான்கு மெல்லிய கால்களால் மட்டும் செப்புப் பரப்போடு இணைக்கும் முறை அது. மென்பொருளில் அதை அணைக்காதீர்கள்.

இழுப்பை ஈயம் தாங்கக் கூடாது

மீதி பாதி பதில் இங்கே. ஈயத்தின் வேலை மின்சாரத்தைக் கடத்துவது. இழுவையைத் தாங்குவது அதன் வேலை அல்ல. கீகேட் பட்டியலில் சில ஃபுட்பிரின்ட் பெயர்களின் கடைசியில் 'ரிலீஃப்' என்று இருக்கும். அதில் பேட்டுக்குப் பக்கத்தில் உறையோடு ஒயர் நுழைகிற அளவுக்கு இன்னொரு துளை இருக்கும். ஒயரை முதலில் அந்தத் துளையில் நுழைத்து எடுத்து, பிறகு பேட்டில் ஒட்ட வேண்டும். யாராவது இழுத்தால் ஒயரின் உறை துளையில் இறுகும். ஈயத்துக்கு ஒன்றும் ஆகாது. ஊசியில் நூல் கோத்துத் துணியில் ஒரு தையல் போடுகிற மாதிரிதான்! ஒரே ஒரு துளை. அது இருந்திருந்தால் அன்றைக்கு விளக்குகள் தப்பியிருக்கும்.

எல்லா ஒயருக்கும் பேட் ஆகாது

தெர்மோகப்பிளுக்குப் பேட் வைத்ததே தப்பு. அதன் ஒரு கம்பி குரோமல், இன்னொன்று அலுமல். இரண்டும் நிக்கல் கலவைகள்; சாதாரண ரெசின் ஃபிளக்ஸில் ஈயம் ஒழுங்காகப் பிடிக்காது. திருகு டெர்மினல்தான் சரி. அதையும் ஐ.சி.க்கு ஒட்டியே வைக்க வேண்டும். மேக்ஸ் 31855 தன் உள்சூட்டையே டெர்மினலின் சூடு என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடும். இரண்டுக்கும் 10 டிகிரி வித்தியாசம் இருந்தால் மீட்டரும் ஏறக்குறைய 10 டிகிரி பொய் சொல்லும். 'கே' வகை ஒரு டிகிரிக்குத் தருவதே சுமார் 41 மைக்ரோவோல்ட்தான். ஆகவே டிரான்ஸ்ஃபார்மர், ரெகுலேட்டர் பக்கம் டெர்மினலை வைக்காதீர்கள்.

கூட்டல், கழித்தல் குறியைப் போர்டிலேயே எழுதுங்கள். அமெரிக்க முறையில் மஞ்சள் கூட்டல், சிவப்பு கழித்தல். சிவப்பைப் பார்த்ததும் நம் கை தானாகக் கூட்டலுக்குப் போகும், ஜாக்கிரதை! சந்தேகமாக இருந்தால் ஒரு காந்தத்தைக் கம்பியில் வையுங்கள். ஒட்டினால் அலுமல், அதாவது கழித்தல்.

போர்டுக்கு 230 வோல்ட் வருகிறது என்றால் அந்தப் பேட்களுக்கும் மற்றவற்றுக்கும் நடுவே தாராளமாக இடம் விடுங்கள். நான் 6 மி.மீ.க்குக் குறையாமல் விடுகிறேன்.

காசில்லாத ஒரு சோதனை

போர்டு செய்ய அனுப்புவதற்கு முன், லேஅவுட்டை அளவு மாறாமல் காகிதத்தில் பிரின்ட் எடுங்கள். அட்டையில் ஒட்டி, துளைகளைக் குத்தி, நிஜ ஒயரை நுழைத்துப் பாருங்கள். நுழைகிறதா, பக்கத்து ஒயரோடு மோதுகிறதா, பெட்டியின் ஓட்டைக்கு நேரே போகிறதா என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். முதல் தடவையே இதைச் செய்திருந்தால் 0.3 மி.மீ. துளை அங்கேயே பல்லைக் காட்டியிருக்கும்.

இரண்டாவது போர்டு இப்போது மாமா சூளையில் இருக்கிறது. டிஸ்ப்ளேவுக்கும் பவருக்கும் ரிலீஃப் துளையோடு பேட். தெர்மோகப்பிளுக்குத் திருகு டெர்மினல். ஒயர் அறுந்தால் எண்ணுக்குப் பதில் கோடுகள் காட்டி பஸ்ஸர் கத்தும். மாட்டி முடித்ததும் மாமா ஒயரைப் பிடித்து ஒரு இழு இழுத்துப் பார்த்தார். எனக்கு மூச்சு நின்றுவிட்டது. ஒயர் வரவில்லை. "ம்... இருக்கட்டும்" என்றார்.

ஆனால் இப்போதும் அவர் சூளைக்குள் ஒரு கோன் வைக்கிறார். அதில் எனக்கு வருத்தமில்லை. வைக்கச் சொன்னதே நான்தான்.



- மூன்றாம் ஆண்டு மாணவன், எலக்ட்ரானிக்ஸ் பிரிவு