கழற்றிப் பூட்டும் சனிக்கிழமை

"தாத்தா, இது வரவே மாட்டேங்குதுங்க."

மூன்று பிள்ளைகள் சேர்ந்து ஒரு ஸ்பேனரை இழுத்துக்கொண்டிருந்தார்கள். பழைய சைக்கிள் ஒன்றின் இடப்பக்கப் பெடலைக் கழற்ற வேண்டும். வழக்கம்போல இடப்பக்கமாகத் திருகத் திருக அது இன்னும் இறுகியது. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். கோவை கணபதியில் பம்புசெட் பட்டறை லேத்தில் 31 வருஷம் நின்றவனுக்கு அப்படிச் சும்மா நிற்பது லேசான காரியமில்லை. முதல் மாதம் ஸ்பேனரை நானே வாங்கிக் கழற்றிக் காட்டினேன். பிள்ளைகள் பார்த்தார்கள், தலையாட்டினார்கள், ஒன்றும் கற்கவில்லை. அதற்குப் பிறகுதான் கையைக் கட்டிக்கொள்ளப் பழகினேன்.

கால் மணி நேரம் போனது. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "எதிர்ப்பக்கமாச் சுத்திப் பாக்கட்டுங்களா?" என்றாள்.

"பாரு அம்மிணி."

பெடல் கழன்று வந்தது. கூடவே கேள்வியும் வந்தது: இதற்கு மட்டும் ஏன் இடமரை?

ஒரு வளையலைக் கொடுத்து, அதன் உள்விளிம்பை ஒட்டிப் பென்சிலை உருட்டச் சொன்னேன். பென்சில் எந்தப் பக்கம் வட்டம் போகிறதோ, அதற்கு எதிர்ப்பக்கமாகத் தான் சுழலும். நாம் மிதிக்கும்போது பெடலின் அச்சும் கிராங்கின் துளைக்குள் இப்படித்தான், கண்ணுக்குத் தெரியாத அளவில் உருள்கிறது. இடப்பக்கம் சாதாரண மரை வெட்டியிருந்தால் ஓட்ட ஓட்டக் கழன்றுவிடும். இடமரை என்பதால் ஓட்ட ஓட்ட இறுகுகிறது. வளையலை வைத்து ஆளுக்கு நாலு முறை உருட்டிப் பார்த்த பிறகே அதைக் கீழே வைத்தார்கள்.

சனிக்கிழமை காலையில் என் வீட்டு வாசலில் நடக்கும் வகுப்பு இது. வயது 10 முதல் 14 வரை. ஒரு சைக்கிளுக்கு மூன்று பேர். மின்சாரக் கருவி எதுவும் கிடையாது. ஸ்பேனர், திருப்புளி, குறடு, சுத்தியல், அரம் போதும். சடையை மடித்துக் கட்ட வேண்டும், துப்பட்டாவைக் கழற்றி வைக்க வேண்டும். பெடலைச் சுற்றுகிறவர் முதலில் "சுத்தறேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். செயினும் பல்லும் சேரும் இடத்தில் யார் விரலும் இருக்கக் கூடாது. கழற்றிய சாமான்கள் முட்டை அட்டையின் குழிகளில், கழற்றிய வரிசையிலேயே போக வேண்டும். பூட்டும்போது அந்த வரிசையைப் பின்னாலிருந்து படித்தால் போதும்.

சைக்கிளைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அதில் மூடி மறைத்தது எதுவும் இல்லை. முன்னால் 44 பல், பின்னால் ஃப்ரீவீலில் 18 பல். பிள்ளைகளே எண்ணி வகுக்கிறார்கள்: ஏறத்தாழ 2.44. பெடல் ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் கிட்டத்தட்ட இரண்டரைச் சுற்று. டயரில் சாக்பீஸ் கோடு போட்டுத் தரையில் உருட்டி அளந்தோம். 28 அங்குலச் சக்கரத்துக்கு ஒரு சுற்று மிதித்தால் ஏறக்குறைய ஐந்தரை மீட்டர். அளந்து முடித்த பையன் ஒருவன், "அப்போ மேடு ஏறறதுக்குப் பின்னால பெரிய பல்சக்கரம் வேணுமில்லீங்களா?" என்றான். விகிதம் என்ற பாடம் அன்று அவன் காலுக்கு வந்துவிட்டது.

சின்னப் பிள்ளைகளுக்குத் தீக்குச்சியும் சைக்கிள் வால்வ் டியூபும் தருகிறேன். கான்பூர் ஐஐடியில் படித்த அரவிந்த் குப்தா பரப்பிய வழி இது. டியூபுத் துண்டால் குச்சிகளை இணைத்துச் சதுரம் செய்தால் சாய்கிறது. முக்கோணம் அசையாமல் நிற்கிறது. பிறகு சைக்கிளின் சட்டத்தைப் பார்க்கச் சொல்வேன். முக்கோணத்தை அவர்களே விரல் வைத்துக் காட்டுவார்கள்.

கழற்றிப் பார்த்துக் கற்பது எங்கள் ஊருக்குப் புதிதல்ல. கோவைக்குப் பக்கத்தில் கலங்கலில் 1893-இல் பிறந்த கண்டுபிடிப்பாளர் ஜி.டி. நாயுடு, ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, உணவகத்தில் வேலை செய்து காசு சேர்த்து அதையே வாங்கினார். வாங்கியதும் செய்த காரியம், அக்கக்காகக் கழற்றி மறுபடி பூட்டியது. பின்னாளில் அவர் செய்த அத்தனைக்கும் அதுதான் பள்ளிக்கூடம். இன்று அடல் டிங்கரிங் ஆய்வகம் உள்ள பள்ளிகளில் முப்பரிமாண அச்சு எந்திரமே இருக்கிறது. நல்லது. ஆனால் ஆய்வகம் வரும்வரை எந்தப் பிள்ளையும் காத்திருக்க வேண்டியதில்லை. ஓட்டை சைக்கிள் ஒன்றும், கையைக் கட்டிக்கொண்டு நிற்கத் தெரிந்த பெரியவர் ஒருவரும் போதும்.

போன மாதம் ஒரு குழு பின்சக்கரத்தின் அச்சைப் பிரித்துத் துடைத்து, கிரீஸ் வைத்துப் பூட்டியது. பக்கத்துக்கு 9 இரும்புக் குண்டுகள். சக்கரம் நன்றாகத்தான் சுற்றியது. வாசலில் அம்மாக்கள் கூப்பிட வந்துவிட்டார்கள். அப்போது அந்த ஏழாம் வகுப்புப் பெண் முட்டை அட்டையைப் பார்த்தாள். ஒரு குழியில் ஒரு குண்டு மிச்சமிருந்தது.

நான் வாயைத் திறக்கவில்லை. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "அம்மா, ஒரு பத்து நிமிஷம்" என்று குரல் கொடுத்துவிட்டு, அவள் மறுபடி ஸ்பேனரை எடுத்தாள்.