காற்பந்தாட்டத்தில் நடுவரும் கருவியும்

மலாயாத் தோட்டப்புறங்களில் வாழ்ந்த நம் முன்னோர்க்கு அமைந்த பொழுதுபோக்குகள் சிலவே. கோயில் திருவிழா, தெருக்கூத்து, திரைப்படம் ஆகியவற்றோடு காற்பந்தாட்டமும் அவர்தம் வாழ்வில் இடம்பெற்றிருந்தது. விடியற்காலையில் பால்மரம் வெட்டி, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த இளைஞர்கள், மாலையானதும் தோட்டத் திடலில் கூடிப் பந்தாடினர். முதியோர் திடலோரத்தில் அமர்ந்து ஆட்டத்தைக் கண்டு களித்தனர். அந்த ஆர்வம் இன்றும் குறையவில்லை. உலகக் கிண்ணப் போட்டி தொடங்கிவிட்டால், உம்பாய், மெர்லிமாவ் வட்டாரத்து ஒட்டுக்கடைகளில் தேநீர் ஆறிப்போகுமேயன்றி வாதம் ஆறுவதில்லை.

அவ்வாதங்களுள் இரண்டு ஓயாதவை. நடுவருக்குக் கருவியின் துணை வேண்டுமா, வேண்டாவா என்பது ஒன்று. அக்காலத்து ஆட்டக்காரர் சிறந்தவரா, இக்காலத்தவர் சிறந்தவரா என்பது மற்றொன்று. "நடுவர் ஊதினால் ஊதியதுதான். ஆட்டம் தடையின்றி ஓடியது. ஆறுமுகத்தைப்போல் ஒரு கோல் காவலர் இனிப் பிறந்துதான் வரவேண்டும்" என்பர் பெரியோர். "அன்றைக்கே கருவி இருந்திருந்தால் பல கோல்கள் செல்லாமற் போயிருக்குமே, தாத்தா!" என்பர் இளையோர். இவ்விரு வாதங்களிலும் உண்மை எவ்வளவு என்பதை ஆராய்ந்து பார்ப்போம்.

நடுவரின் கண்ணும் பந்தின் வேகமும்

ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம். தோற்ற குழு நடுவரைக் குறை கூறுவதும் பல வேளைகளில் இத்தகையதே. ஆயினும் நடுவர் பணி எத்துணைக் கடினமானது என்பதைச் சிறிது கணக்கிட்டுப் பார்த்தல் நன்று.

மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் உதைக்கப்பட்ட பந்து ஒரு வினாடியில் ஏறக்குறைய 28 மீட்டர் செல்லும். ஒரு வினாடியை 25 பங்காக்கினால், அதில் ஒரு பங்கு நேரத்திற்குள் அப்பந்து ஒரு மீட்டருக்கு மேல் கடந்துவிடும். பந்தின் குறுக்களவோ சுமார் 22 சென்டிமீட்டர்தான். கோல் கோட்டின் அகலம் 12 சென்டிமீட்டருக்கு மேற்படக் கூடாது. பந்து முழுவதும் அக்கோட்டைக் கடந்தால்தான் கோல். ஒரு விளிம்பு கோட்டின்மேல் இருந்தாலும் கோல் இல்லை. தொலைவில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மனிதர், ஆட்டக்காரர்களின் கால்களுக்கிடையே இதனை நொடிப்பொழுதில் கண்டு தீர்ப்புக் கூறவேண்டும். தவறு நேர்வது வியப்பன்று. இத்துணைக் குறைவாக நேர்ந்ததே வியப்பு.

உலகம் மறவாத மூன்று தீர்ப்புகள்

1966ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் இலண்டன் வெம்பிளி அரங்கில் இங்கிலாந்தும் மேற்கு ஜெர்மனியும் உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் மோதின. ஆட்டம் 2-2 எனச் சமநிலையில் முடிந்து, கூடுதல் நேரம் நடந்துகொண்டிருந்தது. இங்கிலாந்தின் ஜெஃப் ஹர்ஸ்ட் உதைத்த பந்து மேற்கம்பத்தில் மோதிக் கீழே விழுந்து வெளியே தெறித்தது. சுவிட்சர்லாந்து நாட்டு நடுவர் காட்ஃபிரீட் டியன்ஸ்ட், சோவியத் நாட்டின் எல்லைக்கோட்டு நடுவர் தோஃபிக் பக்ராமோவைக் கேட்டார். கோல் என்றார் பக்ராமோவ். இங்கிலாந்து 4-2 என வென்றது. பந்து கோட்டைக் கடந்ததா என்னும் வழக்கோ இன்றளவும் தீர்ந்தபாடில்லை.

1986ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாள் மெக்சிகோ நகரில் அர்ஜென்டினாவும் இங்கிலாந்தும் காலிறுதியில் ஆடின. டியேகோ மரடோனா எழும்பிக் குதித்துப் பந்தைக் கையால் தட்டிக் கோலாக்கினார். துனீசிய நடுவர் அலி பென்னாசர் அதனைக் காணவில்லை, கோல் வழங்கப்பட்டது. நான்கே நிமிடங்களில், அதே மரடோனா தம் பாதித் திடலிலிருந்து பந்தைக் கடத்திச் சென்று, எதிரணியினரை ஒருவர்பின் ஒருவராக ஏமாற்றி அடித்த இரண்டாவது கோல், உலகம் கண்ட தலைசிறந்த கோல்களுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது. ஒரே ஆட்டத்தில், ஒரே மனிதரிடமிருந்து, பெருங்குற்றமும் பெருந்திறமையும் வெளிப்பட்டன. 2015ஆம் ஆண்டில் மரடோனா துனீசியாவிற்குச் சென்றபோது பென்னாசரின் இல்லம் தேடிச் சென்று தம் கையொப்பமிட்ட சட்டையைப் பரிசளித்தார்.

2010ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள் தென்னாப்பிரிக்காவில் ஜெர்மனி, இங்கிலாந்துக்கு எதிராக 2-1 என முன்னணியில் இருந்தது. இங்கிலாந்தின் ஃபிராங்க் லம்பார்ட் உதைத்த பந்து மேற்கம்பத்தில் பட்டுக் கோட்டிற்குள் தெளிவாக விழுந்து வெளியே வந்தது. தொலைக்காட்சியில் கண்டோர் அனைவரும் கோல் என்றனர். நடுவரும் துணை நடுவரும் அதனைக் காணாமையால் ஆட்டம் தொடர்ந்தது. இங்கிலாந்து 4-1 எனத் தோற்றது. இல்லத்தில் அமர்ந்திருப்பவர் அறிவதைத் திடலில் நிற்கும் நடுவர் அறிய இயலாத நிலை முறையன்று என்னும் எண்ணம் இதன்பின் வலுப்பெற்றது.

கருவிகள் வந்த வரலாறு

நடுவருக்கு உதவும் எளிய கருவி ஒன்று இதற்கு நெடுங்காலம் முன்பே வந்தது. ஆங்கில நடுவர் கென் ஆஸ்டன், சாலையிலுள்ள சமிக்ஞை விளக்கைக் கண்டு மஞ்சள், சிவப்பு அட்டைகளை எண்ணி அமைத்தார். 1970ஆம் ஆண்டு மெக்சிகோ உலகக் கிண்ணப் போட்டியில் அவை முதன்முதலாகப் பயன்பட்டன. மொழி அறியாத ஆட்டக்காரருக்கும் நடுவரின் எச்சரிக்கை அதனால் விளங்கிற்று.

2012ஆம் ஆண்டு ஜூலையில், ஆட்ட விதிகளை வகுக்கும் அனைத்துலக வாரியம் கோல் கோட்டுக் கருவிக்கு ஒப்புதல் அளித்தது. 2014ஆம் ஆண்டு பிரேசில் உலகக் கிண்ணப் போட்டியில் ஒவ்வொரு கோலுக்கும் 7 கேமராக்கள் பொருத்தப்பட்டன. பந்து முழுவதும் கோட்டைக் கடந்ததும், ஒரு வினாடிக்குள் நடுவரின் கைக்கடிகாரம் அதிர்ந்து செய்தி தெரிவிக்கும்.

2018ஆம் ஆண்டில் வி.ஏ.ஆர். எனப்படும் காணொளி உதவி நடுவர் முறை ஆட்ட விதிகளில் இடம்பெற்றது. அவ்வாண்டே ரஷ்ய உலகக் கிண்ணப் போட்டியிலும் பயன்பட்டது. தனியறையில் அமர்ந்த நடுவர்கள் பல கோணங்களிலும் எடுத்த படங்களைப் பார்த்து, திடல் நடுவரின் காதுக் கருவி வழியாக அவருக்கு உரைப்பர். கோல், பினால்டி, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் மாறாட்டம் ஆகிய நான்கு நிலைகளில் மட்டுமே அவர்கள் தலையிடலாம் என அப்பொழுது வகுக்கப்பட்டது. அதுவும் தெளிவான பிழையாக இருத்தல் வேண்டும். நடுவர் தம் கைகளால் செவ்வகம் ஒன்றை வரைந்து காட்டினால், அவர் படத்தைப் பார்த்து முடிவு செய்யப் போகிறார் என்பது பொருள்.

2022ஆம் ஆண்டு கத்தார் உலகக் கிண்ணப் போட்டியில், ஆஃப்சைடைக் கண்டறிய அரங்கின் கூரையின்கீழ் 12 கேமராக்கள் அமைக்கப்பட்டன. அவை ஒவ்வோர் ஆட்டக்காரர் உடலிலும் 29 இடங்களை வினாடிக்கு 50 முறை குறித்துக்கொண்டன. பந்தினுள் வைத்த உணர்கருவியோ வினாடிக்கு 500 முறை செய்தி அனுப்பியது. முன்னர்ச் சொன்ன அதே வேகத்தில் செல்லும் பந்து, அத்தகைய இரு செய்திகளுக்கிடையே 6 சென்டிமீட்டருக்கும் குறைவாகவே நகரும்.

கருவியால் இயலாதது

இவ்வளவும் வந்தபின் வாதங்கள் ஒழிந்தனவா? இல்லை. 2018ஆம் ஆண்டு உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் பிரான்சும் குரோவேசியாவும் 1-1 என்ற நிலையில் இருந்தபோது, குரோவேசிய வீரர் இவான் பெரிசிச்சின் கையில் பந்து பட்டது. அர்ஜென்டினா நடுவர் நெஸ்டர் பித்தானா திடலோரத் திரையில் அதனை மீண்டும் மீண்டும் பார்த்துப் பினால்டி வழங்கினார். பிரான்ஸ் 4-2 என வென்றது. பந்து கையில் பட்டதைக் கேமரா காட்டிற்று. அதில் எவருக்கும் ஐயமில்லை. அது தண்டனைக்குரிய குற்றமா என்பதில்தான் உலகம் இரண்டுபட்டது.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகும். அளத்தல் வேறு, தீர்ப்பளித்தல் வேறு. பந்து கோட்டைக் கடந்ததா என்பது அளவு பற்றிய வினா. அதற்குக் கருவி விடை கூறும். ஒருவர் வேண்டுமென்றே காலை இடறினாரா, அறியாமல் மோதினாரா என்பது மனிதர் மனத்தைப் பற்றிய வினா; அதற்கு மனிதரே விடை கூறவேண்டும். ஆகவேதான் வி.ஏ.ஆர். முறையிலும் இறுதித் தீர்ப்பு திடல் நடுவரிடமே விடப்பட்டுள்ளது.

நம் நாட்டு வீரர்கள்

இனி இரண்டாவது வாதத்திற்கு வருவோம். 1970களில் மலேசியக் காற்பந்து ஆசியாவில் மதிக்கப்பட்ட ஒன்றாக விளங்கிற்று. 1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கில் நம் குழு பங்கேற்று, அமெரிக்காவை 3-0 என வென்றது. எம். சந்திரன் அக்குழுவில் ஆடிய தமிழர். 1974ஆம் ஆண்டு தெஹ்ரான் ஆசிய விளையாட்டுப் போட்டியில் நாம் வெண்கலப் பதக்கம் பெற்றோம். 1980ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள், கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என வென்று மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றோம். ஆப்கானிஸ்தானத்தில் சோவியத் படை புகுந்ததைக் கண்டித்து நம் நாடு அப்போட்டியைப் புறக்கணித்தமையால், வென்ற வீரர்கள் மாஸ்கோ செல்லவில்லை.

அக்காலத்துக் குழுவில், நீண்ட கைகளால் பந்தைப் பிடித்து 'ஸ்பைடர்மேன்' எனப் பெயர்பெற்ற கோல் காவலர் ஆர். ஆறுமுகம் இருந்தார். நம் மலாக்கா மாநிலத்து அலோர் காஜாவில் பிறந்த சோ சின் ஆன் தற்காப்பு அரணாக நின்றார். அவருக்குத் துணையாகச் சந்தோக் சிங் விளங்கினார். முன்னணியில் மொக்தார் டஹாரி நாட்டிற்காக 89 கோல்கள் அடித்தார். மலாய்க்காரர், சீனர், தமிழர், சீக்கியர் என எல்லா இனத்தவரும் ஒரே சட்டை அணிந்து ஆடிய குழு அது. ஆறுமுகம் 1988ஆம் ஆண்டில் சாலை விபத்தில் உயிர் நீத்தார். மொக்தார் 1991ஆம் ஆண்டில், 37 வயதில், நோயினால் மறைந்தார்.

இவர்களை இக்காலத்தவரோடு ஒப்பிடுவோர் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். ஆட்டத்தின் விதிகளே மாறியுள்ளன. தம் குழுவினர் காலால் திருப்பி அனுப்பும் பந்தைக் கோல் காவலர் கையால் எடுக்கக் கூடாது என்னும் விதி 1992ஆம் ஆண்டில்தான் வந்தது. ஆறுமுகம் காலத்தில் அதற்குத் தடையில்லை. எதிரணியின் பின்னிலிருந்து இரண்டாம் ஆட்டக்காரருக்கு நேர்க்கோட்டில் நிற்பவர் ஆஃப்சைடு அல்லர் என்பது 1990ஆம் ஆண்டு முதல் உள்ள விதி. மொக்தார் ஆடிய நாளில் அவ்வாறு நின்றாலும் ஆஃப்சைடே. அன்றைய முன்னணியினருக்கு விதி கடுமையாக இருந்தது; கோல் காவலருக்கோ எளிதாக இருந்தது. ஆகையால் அவரவர் காலத்து விதியில், அவரவர் காலத்து எதிரிகளிடையே, எவர் உயர்ந்து நின்றார் என்று பார்ப்பதே நேர்மையான அளவுகோல். அவ்வகையில் நம் பெரியோர் பெருமை கொள்வதில் தவறில்லை. இளையோர் இன்றைய வீரரைப் போற்றுவதிலும் தவறில்லை.

கேமரா இல்லாத திடல்

மாணவர்களே, மேலே கூறிய கருவிகள் யாவும் பெரும் பொருட்செலவில் அமைந்த அரங்குகளுக்கு உரியவை. நம் பள்ளித் திடலிலும் தோட்டத் திடலிலும் கூரையும் இல்லை, கேமராவும் இல்லை. ஊதல் ஏந்திய ஓர் ஆசிரியரோ, வயதில் மூத்த ஓர் அண்ணனோதான் நடுவர். அவரையும் ஒவ்வொரு தீர்ப்புக்கும் ஏசினால், அடுத்த வாரம் ஊதலை எடுக்க எவரும் முன்வாரார். நடுவர் இல்லையேல் போட்டி இல்லை. போட்டி இல்லையேல் திடலில் புல்தான் வளரும். பெற்றோரும் பெரியோரும் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். திடலோரத்திலிருந்து தந்தை கூறும் சொல்லைப் பிள்ளை திடலுக்குள் திரும்பக் கூறுகிறான்.

கருவி இல்லாத இடத்தில் நீதி நிலைக்க ஒரு வழி உண்டு. 2012ஆம் ஆண்டு செப்டம்பரில் இத்தாலியில் லாசியோ குழு நாப்போலி குழுவோடு ஆடியபோது, லாசியோவின் ஜெர்மானிய வீரர் மிரோஸ்லாவ் குளோசே கையில் பட்ட பந்து கோலாயிற்று. நடுவர் கோல் என்றே அறிவித்தார். குளோசே தாமே நடுவரிடம் சென்று, பந்து தம் கையில் பட்டதெனக் கூறினார். கோல் நீக்கப்பட்டது, எதிரணி வீரர்கள் அவர் கையைப் பற்றிப் பாராட்டினர். அவ்வாட்டத்தில் லாசியோ 3-0 எனத் தோற்றது. ஆயினும் இன்றும் அவ்வாட்டத்தைப் பேசுவோர் குளோசேயின் நேர்மையையே முதலில் பேசுகின்றனர்.

நடுவர் பணியும் பெருமைக்குரிய பணியே. நம் அண்டை நாடான சிங்கப்பூரைச் சேர்ந்த கோவிந்தசாமி சுப்பையா, 1974ஆம் ஆண்டு மேற்கு ஜெர்மனியில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில், போலந்துக்கும் ஹைத்திக்கும் இடையிலான ஆட்டத்தை நடுவராக இருந்து நடத்தினார். உலகக் கிண்ணத் திடலில் ஒரு தமிழ்ப் பெயர் இடம்பெற்றது ஊதல் ஏந்திய கையால் என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் நலம். பந்தை நன்கு உதைக்க இயலாத மாணவனும் விதிகளை நன்கு கற்று, நேர்மையும் துணிவும் உடையவனாக வளர்ந்தால், அந்த ஊதல் அவன் கைக்கும் வரும்.

எனவே நன்றாக ஆடுங்கள், விதிகளைக் கற்றுக்கொள்ளுங்கள். அக்கால வீரர்களைப் பற்றித் தாத்தாவிடம் கேட்டறியுங்கள்; இக்காலக் கருவிகளைப் பற்றி அவருக்கு எடுத்துரையுங்கள். பந்து உங்கள் கையில் பட்டால், நடுவர் காணாவிடினும், "என் கையில் பட்டது, ஐயா" என்று சொல்லுங்கள். நம் திடலுக்கு அதைவிடச் சிறந்த கருவி தேவையில்லை.