கடைசிப் பெட்டியின் கதை

மாம்பலத்தில் வந்து நிற்கும் தென்மாவட்ட ரயிலின் கடைசிப் பெட்டியைப் பாருங்கள். பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலை 1955 முதல் பெட்டிகள் கட்டி வந்தது. அங்கே உருவான எஸ்.எல்.ஆர். பெட்டிக்குள் கார்டு அறை, முன்பதிவில்லா இருக்கைகள், சாமான் அறை மூன்றும் சேர்ந்திருக்கும். நாய்க்கென்று கூண்டும் உண்டு! எழும்பூரில் பெட்ரோலை வடித்து, சாக்கு சுற்றி, சேரும் ஊரின் பெயர் எழுதிய பைக்குகளை இதில்தான் ஏற்றினார்கள்.

2018 ஜனவரியோடு ஐ.சி.எஃப். தன் பழைய வடிவமைப்புப் பெட்டிகளைக் கட்டுவதை நிறுத்தியது. அவற்றின் இடத்துக்கு வந்தவை ஜெர்மானிய வடிவமைப்பான எல்.எச்.பி. பெட்டிகள். இவற்றில் விளக்குக்கும் ஏ.சி.க்கும் மின்சாரம் தர, ரயிலின் இரு முனைகளிலும் டீசல் ஜெனரேட்டர் பெட்டிகள் இரைந்துகொண்டே வந்தன; சாமான் அறை அவற்றோடு ஒதுங்கியது. பிறகு மேல்கம்பி மின்சாரம் எஞ்சின் வழியாகவே பெட்டிகளுக்குக் கிடைத்ததால், பல ரயில்களில் ஒரு ஜெனரேட்டர் பெட்டியை எடுத்துவிட்டு இருக்கையும் சாமான் அறையும் கொண்ட பெட்டியைச் சேர்த்தார்கள். சாதாரணப் பயணிக்கு இது பெரிய வரவு.

2023 செப்டம்பரில் தொடங்கிய எழும்பூர்–திருநெல்வேலி வந்தே பாரத்தில் சாமான் பெட்டியே கிடையாது. தி. நகர்க் கடையில் வேலை பார்த்துவிட்டு பைக்கோடு ஊர் திரும்பும் இளைஞருக்கு நெல்லை எக்ஸ்பிரஸ் போன்ற ரயில்கள்தான் இன்றும் துணை.