அந்த இரண்டு ஆண்டுகள்

பத்தாம் வகுப்புத் தேறிய பிள்ளையை அடுத்து எதிற் சேர்ப்பது என்னும் விசாரம் ஆண்டுதோறும் நம்மவர் இல்லங்களில் எழுவதுண்டு.

அமெரிக்காவில் சமுதாயக் கல்லூரி என்றொரு முறை இருக்கிறது. குறைந்த கட்டணத்தில் ஈராண்டு தகவல்தொடர்பியல் பயின்றபின், பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டிற் சேரலாம். முன்பு பயின்ற பாடங்களைப் பல்கலைக்கழகம் ஏற்காவிடிலோ, காலமும் பணமும் வீண்.

கேரளத்திலும் 1964 முதல் ஈராண்டு பிரீடிகிரி வகுப்பு கல்லூரிகளிலேயே நடந்து வந்தது. 1990-க்குப் பின் அது படிப்படியாகப் பள்ளிகளுக்குப் பெயர்ந்து, பிளஸ் ஒன், பிளஸ் டூ ஆயிற்று. இடம் மாறியதேயன்றி அவ்விரண்டு ஆண்டுகளின் கனம் குறையவில்லை.

மதிப்பெண் குறைந்தோர்க்கே ஹ்யூமானிட்டீஸ் என்பது நம்மிடையே ஊறிய எண்ணம். அப்பிரிவில் இதழியலும் ஒரு பாடமாகச் சில பள்ளிகளில் உண்டென்பதைப் பலர் அறியார். இதழியற் பட்டப்படிப்புக்கு அதை முன்பே பயின்றிருத்தல் கட்டாயமன்று. ஆயினும், மனம் ஒன்றாத சயன்ஸில் ஈராண்டு வாடிய பிள்ளை இழப்பது மதிப்பெண்ணை. கல்லூரியில் இடம் தருவதும் அம்மதிப்பெண்ணே.

வீட்டில் தமிழும் வீதியில் மலையாளமும் பள்ளியில் ஆங்கிலமுமாக வளரும் நம் பிள்ளைகளுக்குப் பத்திரிகைத் தொழிலில் வேறென்ன முதல் வேண்டும்? பட்டம் பெற்றபின் மேலே கற்க, கேரளப் பல்கலைக்கழகத்தின் இதழியல் துறை 1976 முதல் நம் திருவனந்தபுரத்திலேயே உள்ளது.

பிளஸ் ஒன் விண்ணப்பத்திற் பள்ளிகளை வரிசையிடுமுன், எப்பள்ளியில் இதழியல் உண்டு, எங்கே தமிழை இரண்டாம் மொழியாக எடுக்கலாம் என்று பெற்றோர் நேரிற் சென்று விசாரித்தல் நலம். பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்க.