தாடையில் நாலு முடி, கையில் பில் இல்லை

நாப்கினைக் கறுப்புக் கவரில் சுற்றிக் கொடுக்கும் மருந்துக்கடைகள் நம் ஊர்களில் இன்னும் இருக்கின்றன. அப்படியொரு கடையில் நின்று, “முகத்துல முடி எடுக்க ஏதாவது இருக்காண்ணே?” என்று ஒரு பெண் உரக்கக் கேட்பது எளிதல்ல. கூட்டம் குறையும்வரை காத்திருந்து கேட்கிறார். கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதைக் கைப்பைக்குள் போட்டுக்கொள்கிறார். பில் கேட்பதில்லை. வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைத் தாழிட்டு, உள்ளே மடித்து வைத்திருக்கும் குறிப்புத்தாளைப் படிக்காமலே பூசுகிறார். எரிந்தாலும் வெளியே சொல்வதில்லை.

முகத்து முடியை எடுப்பதா, அப்படியே விடுவதா என்பது அவரவர் விருப்பம். இரண்டிலுமே வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஒளித்துச் செய்வதற்கு ஒரு விலை இருக்கிறது. எரிச்சலுக்கு மருத்துவம் கிடைப்பதில்லை, கலப்படத்துக்குப் புகார் போவதில்லை, முடிக்குப் பின்னால் நோய் இருந்தால் அதுவும் தெரியாமல் போகிறது.

பூனை முடி எல்லாப் பெண்களின் முகத்திலும் உண்டு. மேலுதடு, மோவாய், தாடையோரம் ஆகிய இடங்களில் கறுத்துத் தடித்து வளர்வது வேறு வகை. ஆண்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கூடினாலோ, அதற்கு முடிவேர் அதிகமாக எதிர்வினை காட்டினாலோ அப்படி வளரும். சில குடும்பங்களில் பாட்டி, அம்மா, மகள் என்று வரிசையாக இருக்கும். ஹார்மோன் பரிசோதனையில் எல்லாம் சரியாகவே இருக்கும்.

வீட்டில் செய்யக்கூடியவற்றில் குறைந்த செலவும் குறைந்த ஆபத்தும் உள்ளது ஷேவிங்தான். அதற்குத்தான் பெண்கள் அதிகம் பயப்படுகிறார்கள். மழித்தால் ஆம்பளை மாதிரி தடித்து வளரும் என்று சொல்லாத வீடு இல்லை. அமெரிக்க உடற்கூறியலாளர் மில்ட்ரெட் டிராட்டர் 1928-லேயே மழித்த முடியை அளந்து பார்த்து, அதன் தடிமனும் வளரும் வேகமும் மாறுவதில்லை என்று காட்டிவிட்டார். இயல்பாக வளரும் முடியின் நுனி கூர்ந்திருக்கும். மழித்ததும் அந்த நுனி போய் மொட்டையாக முளைக்கிறது. விரலுக்குச் சொரசொரவென்று படுவது அதனால்தான். முகத்தை நனைத்து, நுரை பூசி, முடி சாய்ந்திருக்கும் திசையிலேயே சுத்தமான ரேஸரால் மழித்தால் போதும். கணவருடையதையோ அண்ணனுடையதையோ எடுத்துப் பயன்படுத்தக் கூடாது. வேனிற்கட்டியும் பருவும் உள்ள நாட்களில் கத்தி வேண்டாம், முடியைக் கத்தரிக்கும் சின்ன டிரிம்மர் மேல்.

முடி நீக்கும் கிரீம்களில் இருப்பது தயோகிளைகோலேட் உப்பு. முடியைக் கட்டி வைத்திருக்கும் கெரட்டின் புரதத்தின் கந்தகப் பிணைப்புகளை அது உடைத்துவிடுகிறது. தோலின் மேலடுக்கும் கெரட்டினால் ஆனதுதான் என்பதால், பெட்டியில் போட்டிருக்கும் நிமிடக் கணக்கைத் தாண்டினால் முடியோடு தோலும் வேகும். கை காலுக்கென்று விற்பதை முகத்தில் பூசுவதும், போன் பேசியபடி நேரத்தை மறப்பதும்தான் பல காயங்களுக்குக் காரணம். முதல் முறையானால் தாடைக்குக் கீழே சிறிது பூசி, குறித்த நேரத்தில் கழுவிவிட்டு, ஒரு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும். எரியத் தொடங்கினால் உடனே துடைத்தெடுத்துவிட்டுக் குழாய்த் தண்ணீரை நீண்ட நேரம் ஓடவிட வேண்டும். பற்பசை, எலுமிச்சை, மஞ்சள் எதுவும் மேலே போடக் கூடாது. கண்ணில் பட்டாலோ கொப்புளம் எழும்பினாலோ மருத்துவமனைக்குப் போவதே சரி.

தண்ணீரில் குழைத்துப் பூசும் மலிவான பொடிகள் சிலவற்றில் பேரியம் சல்பைடு இருக்கிறது. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். இது வயிற்றுக்குள் போனால் ரத்தத்தில் பொட்டாசியம் சரேலென இறங்கி, கைகால் தசைகளும் மூச்சுத் தசைகளும் செயலிழக்கும். இந்திய மருத்துவமனைகள் இப்படிப்பட்ட நோயாளிகளைப் பார்த்திருக்கின்றன. குழந்தைகள் உள்ள வீட்டில் இந்தப் பொடி இருக்கவே வேண்டாம்.

வேக்ஸிங் செய்பவர்கள் ஒன்றைத் தங்களுக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும்: பருவுக்கோ கரும்புள்ளிக்கோ ரெட்டினாய்டு வகை மருந்து பூசுகிறோமா, ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை எடுக்கிறோமா? அப்படியென்றால் தோல் மெலிந்திருக்கும். மெழுகை இழுக்கும்போது தோலும் உரிந்து வரும். த்ரெடிங்கில் இத்தகைய ஆபத்து குறைவு. ஆனால் நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு செய்யும் பார்லரில் எழுந்து வந்துவிடலாம். நூலைக் கழுத்தில் மாட்டிச் செய்பவர்கள் இருக்கிறார்கள். முகத்தில் மரு இருந்தால் த்ரெடிங் நூலே அதைப் பரப்பிவிடும். நம்முடைய மாநிறத் தோலில் சிறு காயமும் கறுந்திட்டாக நிற்கும். பிடுங்கிய முடி சில வாரங்களில் வந்துவிடும், திட்டு மாதக்கணக்கில் போகாது.

குப்பைமேனியும் கஸ்தூரி மஞ்சளும் சேர்த்து அரைத்துப் பூசினால் முடி வேரோடு போகும் என்று வாட்ஸ்அப்பில் வராத நாள் இல்லை. அதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. கடையில் கஸ்தூரி மஞ்சள் என்று தருவது பல நேரம் அதே இனத்தின் வேறொரு கிழங்கு. காய்ந்த கலவையை அழுத்தித் தேய்த்து எடுக்கும்போது கொஞ்சம் பூனை முடி அறுந்து வருவதுதான் அங்கே நடக்கும் அதிசயம்.

மேலே சொன்னவை எல்லாம் கண்ணுக்குத் தெரியும் ஆபத்துகள். தெரியாமல் வருவது ஒன்று உண்டு. முடி எடுத்த இடம் கறுத்துவிட்டது என்று மருந்துக்கடையில் சொன்னால், பல கடைகளில் கை தானாக ஒரு குறிப்பிட்ட வகை டியூபுக்குப் போகும். ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினோயின், கூடவே மோமெட்டசோன் போன்ற ஒரு ஸ்டீராய்டு மூன்றும் கலந்த கிரீம் அது. முதல் இரண்டு வாரம் முகம் பளிச்சென்று ஆகும். பக்கத்து வீட்டு அக்காவும் ஒன்று வாங்கிக்கொள்வார். மருத்துவர் மேற்பார்வையில் சில வாரங்கள் மட்டும் பூச வேண்டிய அதை மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, ரத்தக் குழாய்கள் சிவப்பு நூலாகத் தெரியும். பரு வெடிக்கும், வெயிலில் நிற்க முடியாது. நிறுத்தினால் முகம் நெருப்பாய் எரியும், அதற்குப் பயந்தே மறுபடி பூசுவார்கள். பூசிய இடத்தில் புதிதாக முடி வளர்வதும் இதன் பக்கவிளைவுகளில் ஒன்று! முடியால் வந்த கறுப்புக்குப் பூசியது முடியையே வளர்க்கிறது. பதினான்கு ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை 2018-இல் மத்திய அரசு அட்டவணை எச்-க்குள் கொண்டுவந்தது. மருத்துவர் சீட்டு இல்லாமல் அவற்றை விற்பது சட்டமீறல். கேட்டு வாங்கியது நாம்தானே என்று தயங்க வேண்டியதில்லை, விற்றவர் மீதுதான் குற்றம்.

முடி நீக்க வீட்டில் பயன்படுத்தும் ஐபிஎல் எனப்படும் ஒளிக்கருவிகள் இப்போது ஆன்லைனில் குவிந்திருக்கின்றன. இந்த ஒளி, முடியில் உள்ள கருநிறமியைத் தேடிச் சுடுகிறது. தோலிலும் அதே நிறமி நிறைய இருந்தால் தோலையும் சுடும். அதனால்தான் பெட்டியில் ஒரு நிற அட்டவணை அச்சிட்டிருக்கிறார்கள். நம்மில் பலரின் நிறம் அதில் ‘பயன்படுத்தக் கூடாது’ என்ற கட்டத்தில் விழும். நரைத்த முடியில் இது வேலை செய்யாது. மருத்துவமனை லேசரிலும் மாநிறத்துக்கும் கறுத்த நிறத்துக்கும் ஏற்றது 1064 நானோமீட்டர் என்டி யாக் லேசர் என்று கருதப்படுகிறது. லேசர் பட்ட இடத்தைச் சுற்றி முடி கூடுதலாக வளரும் முரண் விளைவும் உண்டு, அது பெரும்பாலும் முகத்திலும் கழுத்திலும்தான் வருகிறது. லேசர் தருவது நீடித்த குறைப்பு. நிரந்தர நீக்கம் என்று சொல்லத்தக்கது மின்சார ஊசியால் ஒவ்வொரு வேரையும் அழிக்கும் எலக்ட்ரோலிசிஸ். 1875-இல் கண்ணுக்குள் வளரும் இமைமுடிக்காக ஓர் அமெரிக்கக் கண் மருத்துவர் கண்டுபிடித்த முறை அது. நேரம் பிடிக்கும், வலிக்கும், தேர்ந்த கை வேண்டும்.

நிரந்தரம் என்ற வாக்குறுதியை நம்பிப் பெண்கள் அனுபவித்தது கொஞ்சமல்ல. 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ‘கொரெம்லு’ என்ற முடி நீக்கும் கிரீம் விற்பனைக்கு வந்தது. அதில் இருந்தது எலி மருந்தாகப் பயன்பட்ட தாலியம். வாங்கிய பெண்களுக்குத் தலைமுடி கொட்டியது, கால்கள் மரத்தன, சிலருக்குப் பார்வை மங்கியது. வழக்குகள் குவிந்ததும் நிறுவனம் திவாலானது. அன்றைய அமெரிக்கச் சட்டம் அழகுப் பொருட்களைக் கட்டுப்படுத்தவே இல்லை. 1938-இல் அவற்றையும் சேர்த்துப் புதுச் சட்டம் வந்ததற்கு இந்த கிரீமும் ஒரு காரணம்.

இங்கே சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. அழகுப் பொருளின் உறையில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, உரிம எண், தொகுதி எண், எதுவரை பயன்படுத்தலாம் என்ற தேதி எல்லாம் இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கானால் இறக்குமதியாளர் பெயரும் பதிவுச் சான்றிதழ் எண்ணும் வேண்டும். இவை இல்லாத டப்பாவை எவ்வளவு தள்ளுபடியில் கொடுத்தாலும் தொடக் கூடாது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழுதான பொருளால் காயம் பட்டால் தயாரித்தவரும் விற்றவரும் இழப்பீட்டுக்குப் பொறுப்பாகலாம். பார்லரில் மெழுகு சூடு பார்க்காமல் தோலைச் சுட்டால் அது சேவைக் குறைபாடு. பொய் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். காசு வாங்கிக்கொண்டு ரீல்ஸில் புகழ்பவர்கள் அதை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும்.

காயம் பட்டால் செய்ய வேண்டியவை சில. அன்றே வெளிச்சத்தில் முகத்தைப் படம் எடுத்து வையுங்கள். டியூபையும் பெட்டியையும் குப்பையில் போடாதீர்கள். பில் இல்லாவிட்டால் யுபிஐ செலுத்திய பதிவு உதவும். மருத்துவர் தரும் சீட்டில் காரணத்தை எழுதச் சொல்லுங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கறிஞர் இல்லாமலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். மருந்தால் வந்த பக்கவிளைவானால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம். சீட்டின்றி விற்ற கடை பற்றி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு எழுதலாம்.

கிரீம் தந்த புண்ணைவிட வாய்ச்சொல் தரும் புண்தான் பலரைக் கதவைத் தாழிட வைக்கிறது. 2024 ஏப்ரலில் உத்தரப் பிரதேசத்தில் பத்தாம் வகுப்புத் தேர்வில் மாநில முதலிடம் பெற்ற சீதாபூர் மாணவியின் படம் வெளியானதும், மதிப்பெண்ணை விட்டுவிட்டு அவரது மேலுதட்டைப் பற்றி எழுதினார்கள். ஆறுதல் சொல்வதுபோல ஒரு ஷேவிங் நிறுவனம் அதையே விளம்பரமாக்கி வாங்கிக் கட்டிக்கொண்டது. 2018-இல் அகமதாபாத்தில் மனைவிக்குத் தாடி இருக்கிறது என்று ஒருவர் விவாகரத்து கேட்டார். அந்த மனு தள்ளுபடியானது. ஒரு பெண்ணின் கண்ணியத்தை அவமதிக்கும் நோக்கத்தோடு பேசுவது, எழுதுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 79-ஆம் பிரிவில் குற்றமாகலாம். 181 என்ற பெண்கள் உதவி எண்ணில் வழி கேட்கலாம்.

மருத்துவரிடம் எப்போது போவது? மாதவிடாய் தள்ளிப்போய், எடை ஏறி, பரு வந்து, முகத்தில் முடியும் தடித்தால் அது பிசிஓஎஸ் என்னும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையாக இருக்கலாம். முடி அதிகம் வளரும் பெண்களில் பெரும்பாலோருக்கு அதுவே காரணம். சில மாதங்களுக்குள் திடீரென்று முடி மூடுவது, குரல் கனப்பது, நெற்றியோரம் வழுக்கை விழுவது, மாதவிடாய் நின்றுபோவது இவை சேர்ந்து வந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. சினைப்பையிலோ அட்ரீனல் சுரப்பியிலோ கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வலிப்புக்கான ஃபெனிட்டாயின், தலைமுடிக்கான மினாக்சிடில் போன்ற மருந்துகளும் முடி வளர்க்கும். மாத்திரை சிகிச்சையின் பலன் தெரிய ஆறு மாதமாவது ஆகும். அவற்றில் சில, கர்ப்பமாக இருப்பவர்களுக்கு ஆகாது.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவும் மகளிர் பிரிவும் உண்டு. முகம், மார்பு, வயிறு, தொடை உள்ளிட்ட ஒன்பது இடங்களில் முடி எவ்வளவு என்று கண்ணால் பார்த்து மதிப்பெண் போட்டுத்தான் மருத்துவர் கணிப்பார். முதல் நாள் இரவே எல்லாவற்றையும் வழித்துச் சுத்தமாக்கிக்கொண்டு போய் நின்றால், அவருக்குத் தெரிவது வழுவழுப்பான முகம் மட்டுமே. இரண்டு நாளைக்கு ஒரு முறை எடுக்கிறேன், மோவாயில்தான் அதிகம், இன்னின்ன கிரீம் பூசினேன் என்பதை அவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பூசிய டியூபுகளையும் கையோடு எடுத்துப் போக வேண்டும்.